இறுகி நிற்கும் பின் சில்லு

கேள்வி: ஐயா, அப்பாவின் மொறிஸ் மைனர் மாரி முழுதும் நின்றது. இப்போது பின் சில்லுகள் உருள மறுக்கின்றன. என்ன செய்யலாம்?
— வாசகர், வெல்லாவெளி

பதில்: முன் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஹாண்ட் பிறேக்கை விடுங்கள். கேபிளைத் தளர்த்தியதும் சில்லு சுழன்றால் கேபிள்தான் துருவேறி இறுகியிருக்கிறது. வெள்ளம் மேவும் படுவான்கரைத் தெருக்களில் ஓடிய காருக்கு இது வழக்கம்.

சுழலாவிட்டால் காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றுத் திறவுங்கள். பிறேக் ஒயில் பீறிட்டுச் சில்லு இளகினால், உட்புறம் ஊதிய றப்பர் குழாய் ஒயிலைத் திரும்ப விடவில்லை. 1948இல் வந்த இந்த வடிவமைப்பில் பின் அச்சுக்கு ஒரே குழாய்தான். இரண்டு சில்லும் சேர்ந்து இறுகியிருந்தால் நான் அதையே முதலில் மாற்றுவேன்.

அதற்கும் அசையாவிட்டால் ட்ரம்மைக் கழற்றி, சிலிண்டரின் றப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமோ துருவோ தெரிந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். தயவுசெய்து தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.