குவாட்டர் கணக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதியிருந்ததைப் படித்தேன். ஃபோனில் பேசினால் உன் பக்கத்திலோ என் பக்கத்திலோ யாராவது இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன். ஆபீஸ் செக்கப்பில் 'கிரேட் 1 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது, வாரத்தில் நாலு நாள் ஒரு குவாட்டர் போகிறது, குறைத்தால் போதுமா, அடியோடு விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வயதுக்குள் இதைக் கேட்டவர்களை நான் வார்டில் அதிகம் பார்த்ததில்லை. அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குக் கேட்கும் காலம் தாண்டியிருக்கும்.

ஒழுக்கப் பாடம் நடத்த மாட்டேன், பயப்படாதே. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த இதே தமிழில்தான், அதியமான் ஊற்றிக் கொடுத்த கள்ளை நினைத்து ஔவை அழுத பாட்டும் இருக்கிறது. நான் நர்ஸ். எனக்குத் தெரிந்தது அளவும் உடம்பும்தான்.

'ஒரு குவாட்டர்தானே அத்தை' என்று எழுதியிருக்கிறாய். பாட்டில் லேபிளைப் படித்துப் பார். 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்தமான ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால் உலக சுகாதார நிறுவனம் அதை மிதமிஞ்சிய குடி என்ற கணக்கில்தான் சேர்க்கிறது. ஓட்டல் பாரில் 30 மில்லி பெக்காக வாங்கினால் ஆறு பெக். அங்கே ஆறு பெக் போட்டேன் என்று சொல்ல உனக்கே கூச்சமாக இருக்கும், குவாட்டர் என்றால் கூச்சம் வருவதில்லை. பீர்தானே என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது.

குறைப்பதற்கு வழி சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்கள், கிளாஸ் கிளாஸாக வாங்கிக் குடிக்கும் ஊர்களுக்காக எழுதியவை. நம் டாஸ்மாக்கில் கேட்டு வாங்குவது சீல் வைத்த குவாட்டர். அதைவிடக் குறைவாகக் குடிக்க நினைத்தால் கட்டிங்குக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வந்து உட்கார்ந்ததும் இன்னொன்று வாங்கத் தோன்றும். தனியாகத் திறந்த பாட்டிலில் பாதியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆக, நம் ஊரில் குறைப்பது என்பது ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் அளவோடு மல்லுக்கட்டுவது.

ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2020 மார்ச் 24 மாலை ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகளை மூடினார்கள் அல்லவா? இரண்டு மூன்று நாளில் எங்கள் வார்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், கொரோனாவால் அல்ல. கை நடுக்கம், கொட்டும் வியர்வை, தூக்கமே இல்லை. சிலருக்கு வலிப்பு. ஒருவர் சட்டையில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டே இருந்தார், சட்டையில் ஒன்றும் இல்லை. மேஸ்திரி, டிரைவர், ஒரு வாத்தியார்கூட இருந்தார். யாரும் தன்னைக் குடிகாரன் என்று நினைத்திருந்தவர் இல்லை. அந்த ஏப்ரலில்தான் புதுக்கோட்டைப் பக்கம் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மீனவர்கள் செத்துப்போனார்கள்.

உடம்பு பழகிப்போனவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மூன்றாம் நாளை ஒட்டிப் பிதற்றல், அதில் உயிரும் போகலாம். வைராக்கியத்தால் தாங்கக்கூடியது இல்லை இது. டாக்டர் பார்வையில் மாத்திரை கொடுத்து, தயமின் ஊசி போட்டு, சில நாளில் படிப்படியாக இறக்குவோம். அதனால் நீ யோசித்துச் சொல். குடிக்காத அந்த மூன்று நாட்களில் காலையில் கை நடுங்குகிறதா? குமட்டல், வியர்வை உண்டா? ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் டாக்டர். அவரைப் பார்க்கும்வரை நீயாக எதையும் நிறுத்தாதே. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவில் இதற்கென்றே பார்ப்பார்கள். போகக் கூச்சமாக இருந்தால் 104க்கோ 14416க்கோ அடித்துப் பேசு.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் மேலே படி.

மலைக்கு மாலை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். நாற்பத்தோரு நாள் தொட மாட்டார்கள். மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பவர்களையும் பார்த்திருப்பாய். அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். குடிக்காமல் இருக்க உடம்பால் முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். விடுவதாக மட்டும் அவர்கள் நினைக்கவில்லை, தள்ளி வைத்திருந்தார்கள். நீயும் ஒரு மண்டலம் தொடாமல் இரு. எந்தெந்த நாள் இழுத்தது என்று குறித்துக்கொண்டே வா. சம்பள நாளா, டெட்லைன் முடிந்த வெள்ளியா, ரூமில் தனியாகக் கிடந்த ஞாயிறா? அக்டோபர் 2 கடை இருக்காது என்று முந்தின நாளே வாங்கி வைத்தாயா என்பதையும் உண்மையாக எழுது. வேறு எதையும்விட அது எனக்கு அதிகம் சொல்லும். மண்டலம் முடிந்ததும் லிவருக்கான எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனையை மறுபடி எடு.

அதன் பிறகும் குறைத்துப் பார்க்கிறேன் என்றால் பார். ஆனால் எவ்வளவு என்பதைச் சாயங்காலம் முடிவு செய்யாதே. ஞாயிறு காலையிலேயே எழுதி வை: இந்த வாரம் எந்த நாள், எத்தனை பெக். ரூமில் பாட்டில் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் கூடாது. வண்டிச் சாவி உன்னிடம் இருக்கக் கூடாது. எழுதியதை அடிக்கடி மீறுகிறாய் என்று தெரிந்தால் குறைக்கும் வழி உனக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள். அதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. இரண்டு பெக் உள்ளே போனதும் மூளையில் 'போதும்' என்று சொல்லும் பகுதிதான் முதலில் மந்தமாகிறது. மந்தமானதைக் காவலுக்கு வைத்தால் அது என்ன செய்யும்?

என் அபிப்பிராயம் கேட்டாய். உனக்கு விடுவதுதான் சுலபம். குறைக்கிறவன் ஒவ்வொரு சாயங்காலமும் தன்னோடு பேரம் பேச வேண்டும். விட்டவனுக்கு முதல் சில மாதம் கஷ்டம், பிறகு அந்தப் பேரம் ஓய்ந்துவிடும். உன் லிவரில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். தழும்பு விழுந்து சிரோசிஸ் ஆகிவிட்டால் பழைய நிலைக்கு வராது. கொஞ்சமாகக் குடித்தால் நல்லது என்ற பேச்சையும் விட்டுவிடு. ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என 2023லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

இன்னொரு காரணம் உன் தாத்தா. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடை திறந்தபோது எங்கள் அப்பா தொடங்கினார். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. 1974இல் கடையை மூடினார்கள், அவர் நிறுத்தவில்லை. உயிரோடிருந்த காலம் பூராவும் குறைத்துக்கொண்டேதான் இருந்தார். வெள்ளிக்கிழமை கிடையாது, புரட்டாசியில் கிடையாது, பேரப் பிள்ளைகள் வந்தால் கிடையாது. இத்தனை விதிகளோடும்தான் போய்ச் சேர்ந்தார். இந்தப் பழக்கத்துக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரையில் வருவது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. உன் சிநேகிதனுக்கு ஒத்துப்போவது உனக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்வது என்று மண்டையைக் குழப்பாதே. லிவர் ரிப்போர்ட் சரியில்லை, அதனால் வேண்டாம் என்று சொல். பொய்யும் இல்லை, அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். ஆசை ரொம்ப இழுத்தால் அதைத் தணிக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மாத்திரைகள் உண்டு, லிவர் நிலையைப் பார்த்து டாக்டர் எழுதுவார். ஒன்று மட்டும் உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று பொடி விற்கிறார்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, தெரியாமல் நீ மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஐ.சி.யூ.வில் கிடப்பாய். அந்த மருந்தை அறிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். மதினிக்கு விஷயம் தெரிய வந்தால் இதை நானே விளக்கிவிடுகிறேன்.

உனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். பெரியவர்களிடம் சபையில் சொல்ல வேண்டாம், பெண்ணிடம் சொல். 'எப்போதாவது' என்று மழுப்பாமல் வாரத்துக்கு எவ்வளவு, எப்போது நிறுத்தினாய் என்று சொல். அதைக் கேட்டு வேண்டாம் என்று அவள் சொன்னால் அது அவள் உரிமை. மண்டலம் முடிந்த பிறகு பேசினால் உனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். மதினி கல்யாணத்தைத் தை மாதமே முடித்துவிட வேண்டும் என்கிறார்கள், அவர்களைத் தள்ளிப்போட வைப்பது என் பொறுப்பு.

ரிப்போர்ட்டில் முதல் பக்கம் மட்டும்தான் வந்திருக்கிறது. மற்ற பக்கங்களையும் அனுப்பு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஜி.ஜி.டி. மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அத்தை