தனியாக வளர்க்கும் தாயும், மெல்ல வளரும் பிள்ளையும்



கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுவிட்டுப் போனவர்கள் நம் குழுக்களில் பலர் இருக்கிறோம். அவர்களில் சிலர் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையைத் தனியாளாக வளர்க்கிறார்கள். இந்தப் பாடம் அந்தத் தாய்க்கு மட்டும் அல்ல. கூட்டத்தில் அவளோடு ஒரே பாயில் உட்காரும் எல்லாருக்கும்தான்.

முதலில், இது ஏன் வருகிறது? நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. 21-வது ஜோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று வந்துவிட்டால் அதுதான் டவுன் சின்ட்ரோம். 1959-லேயே பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் நம் ஊரில் இன்னும் "கிரகணத்துல வெளிய போனியா?" என்றுதான் கேட்கிறார்கள். கிரகணத்தாலும் வராது, சாபத்தாலும் வராது. தாயின் வயது கூடினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் 22 வயதுத் தாய்க்கும் இப்படிப் பிறக்கிறது. மிகச் சிலருக்குத்தான் பரம்பரையாக வரும், அதுவும் தகப்பன் வழியாகவும் வரலாம். "உன் வயித்துலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆண்களின் பேச்சு மருத்துவத்தில் நிற்காது.

இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே பிறந்தவுடன் எக்கோ பரிசோதனை செய்தே ஆக வேண்டும். தைராய்டு சோதனை வருடத்துக்கு ஒரு முறை. காதும் கண்ணும் பார்க்க வேண்டும். "சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று அடிக்கிறோமே, பல நேரம் அதுக்குக் காதே சரியாகக் கேட்காது! அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால், மாவட்ட அளவில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்துக்கு எழுதித் தருவார்கள்.

தசை தளர்வாக இருப்பதால் உட்காருவதும் நடப்பதும் தாமதமாகும். இரண்டு வயதுக்கு மேல் நடக்கும் பிள்ளைகள் உண்டு. பேச்சு இன்னும் தாமதம். ஆனால் பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்ளும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்து நன்றாகக் கற்கும்.

கூலிக்குப் போகும் தாய்க்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? வேலையோடு வேலையாகத்தான் சொல்லித்தர முடியும். டவுசர் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடை வரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளை செய்யட்டும். "நானே போட்டேன்" என்ற சந்தோஷம் அதுக்கு வரும். அது பழகியபின் முழங்காலிலிருந்து, பிறகு பாதத்திலிருந்து. மாதக்கணக்கில் ஆகலாம். கோழிக்குத் தீனி போடுவது, தட்டு எடுத்து வைப்பது எல்லாம் இப்படித்தான். அவசரத்தில் நாமே செய்துவிட்டால் அன்றைய பாடம் போச்சு.

ஒன்றை அடித்துச் சொல்கிறேன்: தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். தாயின் சுமையைப் பிள்ளை தலையில் மாற்றி வைப்பதற்குப் பெயர் உதவி அல்ல.

அடுத்து காகிதங்கள். மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியில் அது 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். "அப்பா கையெழுத்து வேணும்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், தகப்பன் பொறுப்பேற்காத இந்துக் குடும்பத்தில் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி தாய்கூடத் தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டாள். பலருக்கு இது தெரியாது. 1999-ஆம் வருடத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் ஆக வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் போனால் இன்னொருவர் உண்டு. நம் சகோதரிக்கு அந்த இன்னொருவர் யார்? தங்கையா, அண்ணன் மகளா? உடம்பு நன்றாக இருக்கும்போதே அவரிடம் பேச வேண்டும். பிள்ளையும் அவர் வீட்டில் அடிக்கடி தங்கிப் பழக வேண்டும்.

குழுவும் சில வேலை செய்யலாம். மருத்துவமனை நாளில் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போடாதீர்கள். எக்கோ எடுக்கப் போகும் பயணச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள். அவள் வேலைக்குப் போகும் நாளில் பிள்ளையை யார் வீட்டில் விடுவது, எந்தக் கிழமை யார் முறை என்று அடுத்த கூட்டத்திலேயே பேசி, பெயரோடு தீர்மான நோட்டில் எழுதுங்கள்.