மறைந்தோரை மறவாதிருப்போம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன.

ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்துவிட்டால் ஊர் கூடுகிறது. ஜனாஸா அடக்கப்படுகிறது. துஆச் செய்கிறோம், கண்ணீர் விடுகிறோம். ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும், அவர்களின் பிள்ளைகளுக்கோ அதுவும் தெரியாது. 'எல்லாரும் போகிறவர்கள்தாமே, இதில் என்ன?' என்று சிலர் கேட்பர். ஆனால் நம் மார்க்கம் அப்படி விட்டுவிடவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் உம்மாவின் தாயார் அரபுத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கொழும்பில் வணிகம் செய்த கணவருக்குக் கடிதம் எழுதியதும், யார் என்ன அமானிதம் வைத்தார்கள் என்று குறித்து வைத்ததும் அந்த எழுத்தில்தான். அவர்கள் வஃபாத்தான பின், ரமளானுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்த ஏடுகள் இருந்த தகரப் பெட்டி வெளியே வந்தது. எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அரபு எழுத்தாயிற்றே, குப்பையில் போடலாகாது என்று மரியாதையாகக் கடலில் சேர்த்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு ஒரு பெரியவர் வந்தார். தம் தாயார் ஒரு ஜோடிக் காப்பை எங்கள் பாட்டியாரிடம் அமானிதமாகக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். திரும்பப் பெற்றார்களா என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பேசி ஒரு தொகையைக் கொடுத்தோம். வாங்கும்போது அவருடைய கையும் தயங்கியது. கப்ரில் இருப்பவரின் பொறுப்பு தீர்ந்ததா, இல்லையா? சொல்ல வேண்டிய ஏட்டை நாங்களே கடலில் போட்டிருந்தோம்.

நாயகத்தின் நடைமுறை

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரும் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை மறக்கவில்லை. வீட்டில் ஆடு அறுத்தால் கதீஜா நாயகியின் தோழியருக்குப் பங்கு அனுப்புவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ ஷரீஃபில் இருக்கிறது.

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் நாயகத்தின் மருமகர் அபுல் ஆஸ் சிறைப்பட்டார். மக்காவில் இருந்த மகளார் ஜைனப் (ரலி) கணவரை மீட்கப் பொருள் அனுப்பினார்கள். அதில் ஒரு கழுத்து மாலையும் இருந்தது. மணமான காலத்தில் கதீஜா நாயகி தம் மகளுக்குக் கொடுத்த மாலை அது. கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிவிட்டது. தோழர்களின் இசைவைக் கேட்டு, கைதியை விடுவித்து மாலையையும் திருப்பி அனுப்பச் செய்தார்கள். அபூதாவூதில் இது காணப்படுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, நினைவு கண்ணீரோடு முடியவில்லை என்பதே. தோழியர் வீட்டுக்குப் பங்கு சென்றது. மகளின் கைக்கு மாலை திரும்பியது. நினைவு அமலாக மாறியது.

மறதி தரும் சங்கடம்

உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் மணமுடித்த பின் ஒரு பெண் வந்து, மாப்பிள்ளைக்கும் மணமகளுக்கும் தாமே பாலூட்டியதாகச் சொன்னாள். உக்பா அதை அறிந்ததே இல்லை. மக்காவிலிருந்து மதீனா வரை பயணம் செய்து நாயகத்திடம் கேட்டார்கள். அப்படிச் சொல்லப்பட்ட பின் சேர்ந்து வாழ்வது எவ்வாறு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளிக்கவே, உக்பா அந்தப் பெண்ணைப் பிரிந்தார்கள். இதுவும் புகாரீயில் உள்ளது.

இரத்த உறவால் விலக்கானவை பால்குடி உறவாலும் விலக்காகும். பிரசவத்தில் தாய் நோயுற்றால் அண்டை வீட்டுப் பெண் குழந்தைக்குப் பாலூட்டுவது நம் ஊர்களில் இருந்த வழக்கமே. அதை அறிந்த கிழவிகள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

நாம் செய்ய வேண்டியவை

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெற்றோர், பாட்டன் பாட்டியர் பெயர்கள், பிறப்பும் வஃபாத்தும் ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதிகளில், அடக்கமான கப்ருஸ்தான், குர்ஆன் ஓதிக் கொடுத்த உஸ்தாது, பாலூட்டியவர்கள், கடன், அமானிதம், வக்ஃபு ஆகியவற்றை எழுதுங்கள். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே சொத்துப் பங்கீடு என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 11ஆம் வசனத்தின் சட்டம். வஸிய்யத் செய்யப் பொருள் உள்ளவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்பதும் நபிமொழி.

பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேளுங்கள். இன்று கைபேசியில் குரலையும் பதிவு செய்யலாம். அரபுத் தமிழ் ஏடுகள் இருந்தால், படிக்கத் தெரிந்த ஆலிம்களிடமோ முதியவர்களிடமோ காட்டித் தமிழில் எழுதி வாங்குங்கள். பெற்றோரின் நண்பர்களைச் சென்று பாருங்கள். தந்தையின் அன்புக்குரியோருடன் உறவைப் பேணுவது மிகச் சிறந்த நன்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) தம் தாயாருக்காகத் தோட்டத்தையே தர்மம் செய்தார்கள். நம்மால் இயன்றது ஒரு குடிநீர்க் குழாயாகவும் இருக்கலாம்.

வரம்பும் உண்டு. இறந்தோரை ஏசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆகவே குறைகளையும் குடும்பச் சண்டைகளையும் எழுதி வைக்க வேண்டாம். இல்லாத பெருமையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

வாசிக்கும் தாய்மார்களே! இன்றிரவு இஷாவுக்குப் பின் வீட்டில் மூத்தவரின் அருகே அமர்ந்து ஒரு கேள்வியாவது கேளுங்கள். மறைந்தோரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! அவர்களுக்காகக் கையேந்தும் ஸாலிஹான சந்ததிகளாக நம் பிள்ளைகளை ஆக்கியருள்வானாக! ஆமீன்.