தோல் ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

புதுத் தோல் ஜாக்கெட் விறைப்பாக இருக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்று ஒருவர் வந்துவிடுவார். அந்த யோசனைக்கு நான் ஒரு நல்ல ஜாக்கெட்டைப் பலி கொடுத்திருக்கிறேன்.

பெரியமேட்டில் அளவு கொடுத்துத் தைத்தது அது. தடித்த மாட்டுத்தோல். நான் வெளியூர் போயிருந்தபோது என் தங்கை வீட்டுக்காரர், "மச்சானுக்கு ஒரு உதவியா இருக்கட்டும்" என்று எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டார். கோவை வெயிலில் பளபளவென்று, மெத்தென்றுதான் இருந்தது. ஊட்டிக்குப் பைக்கில் ஏறியபோதுதான் வினை தெரிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே. மார்கழிக் குளிரில் மடிப்புகளிலெல்லாம் வெள்ளை பூத்து, சாலைப் புழுதி அதில் அப்பிக்கொண்டது. கீழே இறங்கியதும் உருகி, உள்துணி தாண்டிச் சட்டையில் கறை. பிறகு சிக்கு வாடை. துடைத்தும் காற்றாட விட்டும் போகவில்லை. "எதற்கும் தடவிப் பார்ப்போமே" என்று தங்கை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். வேண்டவே வேண்டாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் தோலுக்கு வேண்டிய எண்ணெயை அங்கேயே, டிரம்மில் போட்டுச் சுழற்றி, நாருக்குள் இறக்கிவிடுகிறார்கள். புது ஜாக்கெட்டின் விறைப்புக்கு எண்ணெய்க் குறை காரணமில்லை. தடித்த தோலின் நார் உங்கள் முழங்கை மடங்கும் இடத்தில் இன்னும் மடங்கிப் பழகவில்லை, அவ்வளவுதான். வெந்நீரில் நனைத்து வெயிலில் காயப்போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத்தோல் சூட்டில் வேகமாகக் காய்ந்தால் நார்கள் ஒட்டிக்கொண்டு முன்பைவிட முரடாகும்.

அடுத்த ஜாக்கெட்டை நான் அலமாரியில் பூட்டி வைத்தேன், சாவி என்னிடம். சாயங்காலம் வீட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், கையை மடக்கினேன், நீட்டினேன். மின்விசிறிக்கு அடியில் என்றால் தாங்கலாம். ஞாயிறு விடியற்காலை மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போய் வாருங்கள்; வளைவுக்கு வளைவு தோளும் முழங்கையும் வேலை செய்யும், உடம்புச் சூட்டில் தோல் இளகும். முதலில் மடிவது முழங்கை. அக்குள் கடைசி.

வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள். கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதில் ஒன்றும் தெரியாது. ஹேண்டில்பாரைப் பிடிப்பது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். அப்போது மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். போகப் போக முழங்கையில் மடிப்பு விழுந்து கை நீளம் இன்னும் குறையுமே தவிரக் கூடாது. "போட்டால் சரியாகிடும் சார்" என்பார்கள். மார்பு இறுக்கம் சற்றுத் தளரும், நீளம் வளராது.

மழை பிடித்தால் துணியால் ஒற்றி, அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும். தோல் வறண்டு தெரிந்தால் மட்டும், தோலுக்கென்றே விற்கிற கிரீமை விரல் நுனியில் எடுத்துத் தடவுங்கள். அதையும் முதலில் காலருக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் தடவி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.