எங்கே நின்றது?
(இயங்க மறுக்கும் பழைய மடிக்கணினியைப் பற்றி ஓர் ஆய்வு)

மூன்றாமாண்டு இளமறிவியல், இயற்பியல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் இருமருங்கிலும் ஆலைகளையே காண்பர். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த இம்மண்ணில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. 2007-இல் டெல் நிறுவனத்தின் கணினி ஆலை இங்கே தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை இயங்கலாயிற்று. பொருள்களைச் செய்யும் ஊர் என்ற பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் செய்த பொருள் பத்தாண்டு கழித்து நின்றுபோனால், அதை ஆராய்ந்து மீண்டும் இயக்கும் அறிவு நம்மிடையே வளர்ந்திருக்கிறதா? இவ்வினாவுக்கு ஒரு சிறு விடையே இக்கட்டுரை.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட கணினிகள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைகளுக்கு வந்தன. நம் வீடுகள் பலவற்றில் நுழைந்த முதல் கணினி அதுவேயாகும். அண்ணன் படித்தபின் தம்பிக்கும், அக்காள் படித்தபின் தங்கைக்கும் அது கைமாறிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கணினி ஒரு நாள் எழ மறுத்தால், “போய்விட்டது” என்று சொல்லிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம்.

என் மாமா ஒரு மின்னணு ஆலையில் சோதனைப் பிரிவில் பணி செய்கிறார். அவர் அடிக்கடி சொல்வது இது: “ஓடலைன்னு சொல்லாதப்பா. எங்கே நின்னுச்சுன்னு சொல்லு.” இவ்வொரு வாக்கியத்தில் பழுது பார்க்கும் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அதை இனி விரிவாகக் காண்போம்.

நான்கு படிகள்

கணினி எழுவது ஒரே செயலன்று. அது நான்கு படிகளைக் கொண்ட ஏணி. முதலாவது, மின்சாரம் வந்து சேர்தல். இரண்டாவது, கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதல். மூன்றாவது, ஹார்டு டிஸ்கைக் கண்டுபிடித்தல். நான்காவது, அதிலுள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் எழுதல். கீழ்ப்படி ஏறாமல் மேற்படி ஏற முடியாது. ஆகவே எந்தப் படியில் நின்றது என்று அறிந்தால், பழுது ஏறத்தாழப் பாதி கண்டுபிடிக்கப்பட்டதாகும்.

முதற்படி: பொத்தானை அழுத்தியும் விளக்கே எரியவில்லையெனில் மின்சாரத்தை ஐயுறுக. சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைச் சார்ஜர் ஏறத்தாழ 19 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. சரியான அளவு அதன் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும். மல்டிமீட்டரை 200 வோல்ட் நேர்மின்சார அளவில் வைத்துச் சார்ஜர் முனையை அளந்தால் உண்மை விளங்கும். முனையின் உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் அளக்க வேண்டும். சார்ஜர் நலமாயிருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மின்னூட்டம் இதனால் வடியும். பின்பு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பார்க்கலாம். இப்போது எழுந்தால், குற்றம் பெரும்பாலும் பேட்டரியினுடையதே.

இரண்டாம் படி: விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது. இங்கேதான் பலர் மதர்போர்டைப் பழிக்கின்றனர். மின்சாரம் வந்ததும் கணினி தன் உறுப்புகளைத் தானே சோதிக்கும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியிலும் இச்சோதனை உண்டு. ரேம் எனப்படும் நினைவகம் தேறாவிட்டால் திரையில் படம் தோன்றாது; சில கணினிகள் ‘பீப்’ ஒலியால் குறை சொல்லும். ரேம் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவது எளிய சோதனை. அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவதும், ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்வதும் கட்டாயம்.

திரையே பழுதாயிருக்கவும் கூடும். இருண்ட திரைமீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தால் மங்கலான எழுத்து தெரிகிறதா என்று காண்க. தெரிந்தால் பின்னொளி போயிற்று, கணினி நலம். வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தாலும் இது விளங்கும்.

மூன்றாம் படி: நிறுவனத்தின் சின்னம் தோன்றி, பின் ‘துவக்கும் சாதனம் இல்லை’ என்னும் பொருள்பட ஆங்கில வரி வருகிறது. ஹார்டு டிஸ்க் தளர்ந்திருக்கலாம், பழுதாயிருக்கலாம். அல்லது கணினி தேட வேண்டிய இடத்தை மறந்திருக்கலாம். தேதியும் நேரமும் அமைப்புகளும் நினைவிலிருக்க மதர்போர்டில் காசு வடிவில் சிறு பேட்டரி ஒன்று உண்டு. பல கணினிகளில் அது சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் வகை. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போகும், அமைப்புகளும் மாறக்கூடும்.

நான்காம் படி: விண்டோஸ் எழத் தொடங்கிப் பாதியில் நின்றால் பழுது பெரும்பாலும் மென்பொருளிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்கும். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பார்க்கலாம். அவ்வாறு எழுந்தால் மற்ற உறுப்புகள் நலமென்று கொள்க.

ஓர் எடுத்துக்காட்டு

என் அக்காள் கல்லூரியில் பெற்ற மடிக்கணினி இவ்வாண்டு நின்றுபோயிற்று. அதனுள் என் செய்முறைத் திட்டத்தின் அளவீடுகளும், காலமான எங்கள் பாட்டி தாலாட்டுப் பாடிய ஒலிப்பதிவும் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படியில்லை. கடையொன்றில் காட்டியபோது, திறந்துகூடப் பாராமல், “மதர்போர்டு அவுட்டு. பழசைக் கொடுத்துட்டுப் புதுசா பார்த்துக்கோங்க” என்றார்கள். கொடுத்திருந்தால் பாட்டியின் குரலும் அத்தோடு போயிருக்கும். ஷிப்டு முடிந்து வந்த அக்காள் மாமாவிடம் கேட்டாள்: “மாமா, மதர்போர்டு போயிருந்தா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடுமா?” அவர் சொன்னார்: “அது வேற, இது வேற கண்ணு. டிஸ்க் நல்லா இருந்தா கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துக்கலாம். முதல்ல எங்கே நின்னுச்சுன்னு பாருங்க.”

பார்த்தோம். சார்ஜர் நலம், விளக்கு எரிந்தது, திரை இருண்டிருந்தது. ஆகவே இரண்டாம் படி. ரேமைத் துடைத்துப் பொருத்தியதும் சின்னம் தோன்றியது. ஆனால் அடுத்த படியில் நின்றது. தேதி பல ஆண்டு பின்னால் இருந்தது. சிறு பேட்டரியை மாற்றி, துவக்கும் வரிசையில் ஹார்டு டிஸ்கைச் சேர்த்ததும் கணினி எழுந்தது. ஒரு பழுதின் பின்னால் மற்றொன்று மறைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றியிருந்தால் எது எதற்கு மருந்து என்று அறிந்திருக்க மாட்டோம். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், அதன்பின் ஒரு சோதனை: நம் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர்கள் கற்பிக்கும் முறையும் இதுவேயன்றோ!

எழுந்தவுடன் முதல் வேலையாகக் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்தோம். அன்றிரவு அக்காள் அத்தாலாட்டை இருமுறை கேட்டாள்.

செய்யத்தகாதவை

ஹார்டு டிஸ்கில் ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் தகவல் மீட்பை அரிதாக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்துக்கு வழி. சார்ஜரின் உறையைத் திறக்காதீர்கள். பிடுங்கிய பின்னும் அதனுள் உயர்மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். உண்மையிலேயே பயனற்றுப்போன கணினியைக் குப்பையில் எறியலாகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே பழைய கணினிகள் பலவற்றைப் பயனற்றவை என ஒதுக்கத் தோன்றும். அதற்கு அவசரம் வேண்டாம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. எளிய லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றினால், கட்டுரை எழுதவும் கணக்கிடவும் பழைய பொறி இன்னும் உதவும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை இச்சாலையோர ஆலைகளில் பணிபுரியப் போகிறவர்கள். உறுப்புகளைப் பொருத்தத் தெரிந்த கைகளுக்கு அவை ஏன் நின்றன என்று கேட்கவும் தெரிந்தால், அக்கைகளின் மதிப்பு உயரும். நம் இயற்பியல் துறையில் ஒரு மல்டிமீட்டரும், ஸ்குரூ டிரைவர் தொகுதியும், வெளித்திரை ஒன்றும் வைத்து, மாதம் ஒரு மாலை பழுது பார்க்கும் மன்றம் நடத்தினால் என்ன? பரண்மேல் உறங்கும் கணினிகளுள் சில மீண்டும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ பாடம் சொல்லித் தரும். ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.