லோரி லைசன்சுக்குப் பணம் கொடுக்குமுன்

நம் கடைகளுக்கு வரும் தோட்டத்து வாலிபர்கள் இப்போதெல்லாம், "பாய், ஹெவி லைசன்ஸ் எடுக்கப் போகிறேன், கொஞ்சம் கைகொடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துக் கடைக்கார சகோதரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். (பெஸ்தாரி ஜெயா என்று 2007ல் மாறிய பெயர் என் வாயில் இன்னும் ஏறவில்லை, எனக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) கொடுப்பது நல்ல காரியம். ஆனால் விஷயம் தெரிந்து கொடுக்கவேண்டும். தெரியாமல் கொடுத்தவன் நான்; ஆகையால் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் வாடிக்கைக்காரர் ஒருவரின் மகனுக்கு இரண்டாயிரம் வெள்ளி கொடுத்தேன். தகப்பனார் தோட்டத்தில் ஓய்வு பெறும் சமயம். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்யவேண்டும். பையன் சம்பாதித்தால்தான் வாடகை வீடு. அவன் அந்தப் பணத்தை ஒரு தரகரிடம் கொடுத்தான். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், மூன்று மாதத்தில் லைசன்ஸ் கையில்" என்றாராம் அவர். பையனுக்கு அப்போது வயது பத்தொன்பது. 21 வயது ஆகாதவனுக்கு அந்த லைசன்ஸே கிடையாது என்பது தரகருக்குத் தெரிந்திருக்கும். பையனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பணம் போயிற்று. வெட்கத்தால் பையன் இரண்டு வருஷம் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு மனக்கஷ்டம்.

முறையைக் கேளுங்கள். முதலில் கார் லைசன்ஸ், அதாவது 'டி' வகுப்பு. 17 வயதில் எடுக்கலாம். முதல் இரண்டு வருஷம் 'பி' ஒட்டி ஓட்டவேண்டும். அது முழு லைசன்ஸ் ஆகி, வயதும் 21 ஆனபின் 'ஈ' வகுப்பு. சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை 7,500 கிலோவுக்கு மேற்பட்டால் முழு 'ஈ' வேண்டும். 7,500 வரை ஈ1, 5,000 வரை ஈ2. இத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சரக்கு லோரியைத் தொழிலாக ஓட்ட ஜிடிஎல் என்ற லைசன்ஸ் தனியாக உண்டு. அதற்கு வகுப்பும் வைத்தியப் பரிசோதனையும் இருக்கிறது. கண்ணில் கோளாறு உள்ளவன் பணமெல்லாம் கட்டியபின் டாக்டரிடம் போய் என்ன பிரயோஜனம்? முதலிலேயே காட்டிவிடச் சொல்லுங்கள். பழைய சம்மன்கள் இருந்தால் அவற்றையும் தீர்த்துவிடட்டும்.

பள்ளி ஜேபிஜே அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பணத்தைப் பையன் கையிலோ தரகர் கையிலோ கொடாமல் பள்ளியிலேயே, படிப்படியாக, ரசீது வாங்கிக் கட்டுங்கள். பரீட்சைக்கு மட்டும் சொல்லித் தருகிறார்களா, தொழிலுக்கும் சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள். பெரிய லோரியின் பிரேக் காற்றழுத்தத்தால் வேலை செய்வது. மீட்டரில் காற்று ஏறுமுன் வண்டியை எடுக்கக்கூடாது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியரைக் குறைத்து இஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கவேண்டும். நம் பக்கம் தட்டைப் பூமி. காராக் சாலை இறக்கத்தில்தான் பையன் இதைக் கற்கவேண்டும் என்று விட்டுவிடலாமா? டிரெய்லரோ வேறு வித்தை. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் போகும்.

சில கம்பெனிகள் தாமே பயிற்சிச் செலவைக் கொடுத்து, இத்தனை வருஷம் எங்களிடமே வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். அதில் குற்றமில்லை. இடையில் விலகினால் முழுத் தொகையா, வேலை செய்த மாதங்களைக் கழித்து மீதியா என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நாமே கொடுப்பதானால் வட்டியில்லாக் கடனாக, காகிதத்தில், இரண்டு சாட்சி வைத்து எழுதிக் கொடுப்போம். குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். மதரஸாவில் ஓதியவன், கடைக்கணக்கும் எழுதுகிறவன், ஆனாலும் அன்று எழுதவில்லை. தவணையை முதல் சம்பளத்துக்குப் பிறகு ஆரம்பிக்கும்படி வையுங்கள்.

லைசன்ஸ் வந்த மறுநாளே போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் இழுக்கலாம் என்று பையன்கள் கனவு காண்கிறார்கள். புதியவனை நம்பி யார் அவ்வளவு பெரிய வண்டியைக் கொடுப்பார்? செம்பனைக் குலை ஏற்றும் தோட்ட லோரி, செகிஞ்சான் பக்கம் வருஷத்துக்கு இரண்டு போக நெல் என்று சிறிதாகத்தான் தொடங்கவேண்டும். குலையை வெட்டினால் தாமதமின்றி ஆலைக்குச் சேர்க்கவேண்டும், இல்லையேல் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ஓயாத வேலை.

சம்பளத்தைக் கேட்கும்போது ஜாக்கிரதை. 'டிரிப்' கணக்கில் மட்டும் கூலி என்றால், வேகமும் அதிகப் பாரமும் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அடிப்படைச் சம்பளம், இபிஎப், சொக்சோ மூன்றும் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. சபாக் பெர்ணமைத் தாண்டினால் தெலுக் இந்தான். அங்கே 2025 மே 13ல் கல் லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் மாண்டார்கள். லோரியின் ஸ்டியரிங் பழுதும் அளவுக்கு மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தன. "இந்த வண்டியை எடுக்கமாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லும் தைரியத்தை எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொடுப்பதில்லை. வீட்டில் கடன் நெருக்கினால் அந்தத் தைரியம் இன்னும் குறையும். தவணையைச் சிறிதாக வையுங்கள் என்பது இதனால்தான்.

நம்மில் சொந்த லோரி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. நம் சரக்கை நாமே ஏற்ற எடுத்த 'சி' பெர்மிட்டில் அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றக்கூடாது. அதற்கு 'ஏ' வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டிப் பரிசோதனையும் உண்டு. தாமதிக்காதீர்கள்.

அந்தப் பையன் 21 முடிந்து, முறைப்படி எடுத்து, இப்போது குலை லோரி ஓட்டுகிறான். பழைய பணத்தையும் மாதம் நூறாகத் தந்து முடித்தான். போன மாதம் தன் தம்பியைக் கூட்டி வந்தான். தம்பிக்கு வயது இருபது. "அடுத்த வருஷம் வாப்பா, அதுவரை அண்ணன் லோரியில் கெலிண்டானாக ஏறு" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.