கொல்லையில் கிடக்கும் மொபெட்டுக்கு உயிர் கொடுப்போம்

மாணவர்களே, உங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையிலோ மாட்டுக் கொட்டகையிலோ பழைய மொபெட் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். இருக்கை கிழிந்திருக்கும். டாங்கியில் துரு ஏறியிருக்கும். கேட்டால், “எஞ்சின் போய்விட்டது; எடைக்குத்தான் போடவேண்டும்” என்பார்கள். உண்மையிலேயே எஞ்சின் போய்விட்டதா? அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதற்கு முதலில் வேண்டியது பணம் அன்று. ஒழுங்காகச் சோதிக்கும் பழக்கம்.

சின்னஞ்சிறு வண்டிகள் பல நாடுகளிலும் உண்டு. ஜப்பானில் 1961ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் டோக்கியோவுக்கு அருகிலிருந்த தாமா டெக் என்னும் பொழுதுபோக்குப் பூங்காவுக்காக 5 அங்குலச் சக்கரங்கள் கொண்ட ஒரு குட்டி மோட்டார் சைக்கிளைச் செய்தது. பிற்காலத்தில் ‘மங்கி’ என்று பெயர் பெற்ற வண்டி இதிலிருந்துதான் பிறந்தது. நம் ஊரில் இந்த இடத்தைப் பிடித்தது மொபெட். ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 என்ற மொபெட் 1980இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் 50 சி.சி. அளவுதான். அதாவது, பிஸ்டன் ஒரு தடவை நகரும்போது ஒதுக்கும் இடம் ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி! இவ்வளவு சிறிய எஞ்சின்தான் இருவரையும் ஒரு மூட்டையையும் இழுத்துச் சென்றது.

எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு

அக்கால மொபெட்டுகளில் இருப்பது இரு வீச்சு எஞ்சின். பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. மேலே உள்ள பெட்ரோல்–காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. கீழே உள்ள அறைக்குள் புதிய கலவை உறிஞ்சப்படுகிறது. உச்சியை நெருங்கும்போது பிளக்கில் தீப்பொறி பறக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகை வெளியேறும் துளை திறக்கிறது. அடுத்து, கீழறையில் காத்திருக்கும் புதிய கலவை மேலே வந்து சேருகிறது. இவ்வளவும் ஒரே சுற்றில் முடிந்துவிடுகின்றன.

ஆக, இந்த எஞ்சின் ஓட நான்கு தேவைகள் உண்டு: சரியான கலவை, நல்ல அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி, புகை வெளியேற வழி. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடாது. நின்றுபோன எஞ்சினில் நான்கும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பது அரிது. எது இல்லை என்று தெரியாமல் கார்புரேட்டர், காயில், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினால், வண்டியின் விலையைவிடச் செலவு அதிகமாகிவிடும்.

காசு கேட்காத சோதனைகள்

இந்தச் சோதனைகளைத் தனியே செய்யாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரோ மெக்கானிக்கோ உடன் இருக்கவேண்டும். இடம் காற்றோட்டமான வெளியிடமாக இருக்கட்டும்; அருகில் அடுப்போ பீடி நெருப்போ கூடாது.

முதலில் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் இருந்தால், கடைசியாக ஓடியபோது எஞ்சின் நலமாக இருந்தது என்று பொருள். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால், ஆயிலோ பெட்ரோலோ மிகுந்திருக்கிறது. வெளுத்திருந்தால், பெட்ரோல் குறைந்து எஞ்சின் அதிகமாகச் சூடேறியிருக்கிறது.

புதிய பெட்ரோல் ஊற்றிப் பலமுறை மிதித்தபின் மறுபடியும் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேருகிறது. எனவே தீப்பொறியைச் சோதிக்கவேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு. ஒரே பார்வையில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது அல்லவா?

இரண்டாவது, தீப்பொறி. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பிளக் இருந்த துளையைத் துணியால் நன்றாக அடையுங்கள். ஈரம் துடைத்த பிளக்கை அதன் ஒயரில் செருகி, துளைக்குத் தள்ளி, உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து மிதிக்கவேண்டும். அப்போது பிளக்கைக் கையால் தொடக்கூடாது. அங்கே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது! நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. பொறி வராவிட்டால், மெக்கானிக்குகள் ‘பிளாட்டினம்’ என்று சொல்லும் தொடுமுனைகளைப் பாருங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அவற்றின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படியும், மின்சாரம் பாயாது. மிக நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் பொறி திரும்பிவிடும்.

மூன்றாவது, அழுத்தம். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, வேறொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். ‘புஸ்’ஸென்று விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் ஓரளவு நன்றாக இருக்கின்றன. காற்று மெதுவாகக் கசிந்தால்தான் சிலிண்டரைப் பிரிக்கவேண்டும்.

நான்காவது, புகைவழி. இரு வீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்ஸரில் கரி படிகிறது. அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். “இழுவை இல்லை” என்று ஓரங்கட்டப்பட்ட வண்டிகளில் பலவற்றின் நோய் இதுதான். கரியைச் சுரண்டி எடுத்தால் போதும்.

ஜெட்டைக் குத்தாதீர்கள்!

பெட்ரோல் என்பது பல பொருள்களின் கலவை. நாள்பட்டால் எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட, எஞ்சியது பிசின்போல் ஆகிறது. கார்புரேட்டரில் உள்ள ஜெட்டின் துளை 1 மி.மீ.க்கும் குறைவு. அதை அடைக்கச் சிறிது பிசினே போதும்.

அடைப்பு எடுக்கப் பலர் கம்பியால் குத்துகிறார்கள். இது பெருந்தவறு. ஏன்? 0.60 மி.மீ. துளை கம்பி உரசி 0.66 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 10 விழுக்காடுதான் கூடியது. ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 × 1.1 = 1.21. ஆகவே துளையின் பரப்பு 21 விழுக்காடு கூடிவிட்டது! அந்த அளவுக்குப் பெட்ரோலும் வீணாகும். ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்வதே சரி.

பழைய ரப்பர் குழாயை மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அக்கால ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. ஊதி, வெடித்து, கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பல வாரம் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கியை வடித்துவிடுவது நல்லது.

காலி டாங்கி ஏன் ஆபத்து?

டாங்கியின் துருவை நீக்க வினிகர் போதும். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. வினிகரை நிரப்பி ஓரிரு நாள் வைத்து, வடித்து, சமையல் சோடா கலந்த நீரால் அலசி, உடனே வெயிலில் உலர்த்துங்கள். தாமதித்தால் சுத்தமான இரும்பில் மணிக்கணக்கிலேயே மறுபடி துரு பிடிக்கும்.

டாங்கியில் ஓட்டை இருந்தால், “காலியாகத்தானே இருக்கிறது” என்று வெல்டிங் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய செயல். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் அது தீப்பற்றும். நிறைந்த டாங்கிக்குள் ஆவி இதைவிட அடர்த்தியாக இருக்கும். காலி டாங்கியிலோ ஒட்டியிருக்கும் சில சொட்டுகள் ஆவியாகி, வெடிப்பதற்கு ஏற்ற கலவையை உண்டாக்கிவிடும். டாங்கி ஒழுகினால் வேறு டாங்கி தேடுங்கள்.

ஓடுவதற்கு முன் நிற்கவேண்டும்

எஞ்சின் ஓடியதும் எல்லோருக்கும் வரும் ஆசை, பெயின்ட் அடிப்பது. பொறுங்கள். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 20 கி.மீ. வேகம் 40 கி.மீ. ஆனால், பிரேக் தடுக்கவேண்டிய ஆற்றல் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. வண்டியும் ஆளும் சேர்ந்து 120 கிலோ என்றால், மணிக்கு 36 கி.மீ. (விநாடிக்கு 10 மீட்டர்) வேகத்தில் அந்த ஆற்றல் 6,000 ஜூல். அத்தனையும் பிரேக் ஷூவின் உராய்வில் வெப்பமாக மாறவேண்டும். எனவே தேய்ந்த லைனிங், நைந்த பிரேக் கம்பி ஆகியவற்றை மாற்றுவதுதான் முதல் செலவு.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடவேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதி இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். பார்வைக்கு நன்றாயிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், வேண்டாம்.

நம் விருப்பப்படி ஒரு மாற்றம்

பால் கேன் ஏற்றி மேட்டில் ஏற இழுவை போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரிய எஞ்சின் வேண்டுமா? பற்சக்கரத்தைக் கவனியுங்கள். முன்னால் 12 பல், பின்னால் 36 பல் என்றால் விகிதம் 3. பின்னால் 40 பல் போட்டால் விகிதம் 3.33. இழுவிசை 11 விழுக்காடு கூடும். அதே எஞ்சின் சுழற்சிக்கு வேகம் 10 விழுக்காடு குறையும். 40 கி.மீ. போனது 36 கி.மீ. போகும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். பற்சக்கரம் ஆற்றலை உண்டாக்குவதில்லை, பங்கிட்டுத் தருகிறது.

எதையும் மாற்றுமுன் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை இஷ்டம்போல் மாற்றக்கூடாது. கியர் இல்லாத 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்ட 16 வயதும், மற்றவற்றுக்கு 18 வயதும் நிறைந்து உரிமம் பெற்றிருக்கவேண்டும். அதுவரை பழுது பார்க்கலாம், சாலையில் ஓட்டக்கூடாது.

செலவின் வரிசை

1. செலவே இல்லாதவை: நான்கு சோதனைகள், ஜெட், தொடுமுனை, சைலன்ஸர் சுத்தம்.
2. கட்டாயம் வாங்கவேண்டியவை: பிரேக் லைனிங், பிரேக் கம்பி, டயர், டியூப், பெட்ரோல் குழாய், புதிய பிளக்.
3. சோதனை சொன்னால் மட்டும்: பிஸ்டன் வளையம், ஆயில் சீல், காயில்.
4. மிஞ்சினால்: இருக்கை உறை, பெயின்ட், விருப்பமான அலங்காரம்.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் வண்டி பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதுவதற்கு அதுவே காரணம்.

சிந்தியுங்கள்

1. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில் கலக்கவேண்டும். 3½ லிட்டருக்கு எவ்வளவு? ஆயிலைக் குறைத்தால் பிஸ்டனுக்கு என்ன ஆகும்?
2. புதிய பெட்ரோல் ஊற்றி மிதித்தபின் பிளக் நனைந்திருக்கிறது. பொறியும் நன்றாக வருகிறது. ஆனாலும் எஞ்சின் ஓடவில்லை. அடுத்து எவற்றைச் சோதிப்பீர்கள்?
3. உங்கள் வீட்டுத் தையல் எந்திரமோ சைக்கிளோ நின்றுபோனால், அது ஓடத் தேவையானவற்றைப் பட்டியல் இடுங்கள். எதை முதலில் சோதிப்பீர்கள்? ஏன்?